மூன்று மில்லிலீற்றர் மூச்சு

300 கிராம் ஆய்வுகூட எலி ஒரு மூச்சுக்கு இழுக்கிற காற்று 2 முதல் 3 மில்லிலீற்றர். ஒரு தேக்கரண்டி கூட வராது. சத்திரசிகிச்சையின்போது அதற்குச் செயற்கைச் சுவாசம் கொடுப்பவர் இந்த எண்ணை மறந்தால், எவ்வளவு விலையான வென்டிலேற்றர் (செயற்கைச் சுவாச இயந்திரம்) வைத்திருந்தும் பிரயோசனம் இல்லை.

இயந்திரத்திலிருந்து வரும் உள்மூச்சுக் குழாயும் வெளிமூச்சுக் குழாயும் சேருகிற இடத்திலிருந்து எலியின் கழுத்து வரை ஒரு துண்டுக் குழாய் போகும். அதன் உள்விட்டம் 4 மில்லிமீற்றர், நீளம் 10 சென்ரிமீற்றர் என்றால் உள்ளே 1.25 மில்லிலீற்றர் காற்று நிற்கும். எலி விட்ட மூச்சில் பாதி அங்கேயே தங்கி, அடுத்த மூச்சில் திரும்ப உள்ளே போகும். காபனீரொட்சைட்டு ஏறிக்கொண்டே வரும். அதே இடத்தில் 2 மில்லிமீற்றர் குழாயை 3 சென்ரிமீற்றருக்கு வெட்டிப் போட்டால் 0.1 மில்லிலீற்றர்தான் வீண். அதனால் கத்திரிக்கோலை முதலில் எடுக்க வேண்டியது குழாய்க்கு, எலிக்கு அல்ல.

எலிக்கு ஒரு மூச்சின் அளவு: உடல் எடையில் கிலோகிராமுக்கு 8 மில்லிலீற்றர், நிமிடத்துக்கு 70 முதல் 80 தடவை. 25 கிராம் சுண்டெலிக்கு 0.2 மில்லிலீற்றர், 120 முதல் 150 தடவை. வெளிமூச்சுக் குழாயின் நுனியை ஒரு போத்தல் தண்ணீருக்குள் 2, 3 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு விடுங்கள். மூச்சு விட்ட பிறகும் நுரையீரல் முழுதாகச் சுருங்கிவிடாமல் அந்த நீரழுத்தம் பார்த்துக்கொள்ளும். அதோடு, ஒவ்வொரு மூச்சுக்கும் குமிழி வருகிறதா என்று பார்த்தால் கசிவும் தெரிந்துவிடும். இந்தப் போத்தலை நான் எந்த டிஜிட்டல் திரையை விடவும் நம்புவேன். சிலிண்டர் ஒட்சிசனை ஈரமாக்கும் போத்தலுக்குக் காய்ச்சி வடித்த நீர்தான். வன்னிக் கிணற்றுத் தண்ணீர் கேத்திலில் விடுகிற வெள்ளைப் படிவை அங்கேயும் விடும்.

எலி திரும்ப எழும்பத் தேவையில்லாத பரிசோதனைக்குக் கழுத்தைத் திறந்து குழாய் வைப்பதே நிச்சயமான வழி. எழும்ப வேண்டிய எலிக்கு வாய்வழியாகத்தான். இங்கே சொல்வது கழுத்தைத் திறக்கும் வழி. மயக்கம் போதுமா என்று பாதத்தைக் கிள்ளிப் பாருங்கள். கால் இழுத்தால் கத்தி தொட வேண்டாம். மல்லாக்கக் கிடத்தி, கழுத்தின் கீழ் சுருட்டிய கோஸ் வைத்து, நடுவே 2 சென்ரிமீற்றர் வெட்டு. உமிழ்நீர்ச் சுரப்பிகளை இரு பக்கமும் விலக்கினால் நீளவாக்கில் இரண்டு தசைப் பட்டிகள் தெரியும். அவற்றை வெட்ட வேண்டாம். நடுக்கோட்டில் போர்செப்ஸின் (இடுக்கியின்) நுனியை விட்டு விரித்தால் இரத்தம் இல்லாமலே பிரியும். அடியில் வெள்ளையாக, வளையம் வளையமாக வாதனாளி (மூச்சுக்குழாய்). அதன் கீழே வளைந்த போர்செப்ஸை நுழைத்து 3-0 அளவுச் சத்திரசிகிச்சைப் பட்டு நூல் இரண்டை இழுத்து வையுங்கள். போர்செப்ஸ் பக்கவாட்டில் அலையக்கூடாது. தலைக்கு இரத்தம் கொண்டுபோகும் கரட்டிட் நாடியும் இதயத்துக்குப் போகும் வேகஸ் நரம்பும் ஒன்றாக அங்கேதான் போகின்றன. நரம்பை இழுத்தால் இதயத் துடிப்பு விழும்.

தைரொயிட் சுரப்பிக்குக் கீழே, இரண்டு வளையங்களுக்கு நடுவில், குறுக்கே பாதிச் சுற்று மட்டும் வெட்டு. முழுதாக அறுந்தால் கீழ்த்துண்டு நெஞ்சுக்குள் இறங்கிவிடும். வெட்டு வாயில் நிற்கும் இரத்தத் துளியைப் பஞ்சால் ஒற்றி எடுத்த பிறகே குழாய். இந்த அளவு வாதனாளிக்கு ஒரு துளியே அடைப்பு. வார்ட்டில் செம்மஞ்சள் நிறத்தில் வரும் 14 கேஜ் கனூலாவின் (நரம்பில் சேலைன் ஏற்றப் போடும் குழாயின்) ஊசியை எடுத்துவிட்டு, பிளாஸ்டிக் பகுதியை மட்டும் 5 முதல் 8 மில்லிமீற்றர் உள்ளே விடுங்கள். ஒரு நூலால் வாதனாளியோடு கட்டு, மற்றதால் கனூலாவின் கழுத்தில் கட்டு. நெஞ்சின் வலப்பக்கம் மட்டும் எழும்பினால் ஆழம் கூடிவிட்டது; மெல்லப் பின்னால் இழுங்கள். இரண்டு பக்கமும் எழும்புவது குறைந்து களகள என்று சத்தம் வந்தால் சளி. மெல்லிய குழாயை 1 மில்லிலீற்றர் சிரிஞ்சில் பொருத்தி, ஐந்து விநாடிக்கு மேல் போகாமல் உறிஞ்சுங்கள்.

கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ இதைச் செய்ய நினைப்பவர், மாரியில் மரம் விழுந்து கரண்ட் லைன் அறுவதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஜெனரேட்டர் எழும்பும் வரைக்கும் காற்றைத் தள்ளும் பிஸ்டன் ஓடாமல் நிற்கும். முதல் வேலை, கனூலாவை இயந்திரத்திலிருந்து கழற்றுவது. தசை தளர்த்தும் மருந்து கொடுக்காத எலி பெரும்பாலும் தானே மூச்சு எடுக்கும். கொடுத்திருந்தால் கைதான் வென்டிலேற்றர். 3 மில்லிலீற்றர் பிளாஸ்டிக் பைப்பெற்றின் (நுனியில் அமத்தும் குமிழ் உள்ள சொட்டுக் குழாயின்) தண்டைக் குறுக்கி, கனூலாவுக்குப் பொருத்தும் முனைக்குக் கிட்ட ஒரு துளை போட்டு முன்கூட்டியே மேசையில் வைத்திருங்கள். துளையை விரலால் மூடிக் குமிழை மெல்ல அமத்தினால் நெஞ்சு எழும்பும். பிறகு விரலை எடுங்கள், அதற்குப் பிறகுதான் குமிழை விடுங்கள். மாறிச் செய்தால் குமிழ் நுரையீரலில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்துவிடும். அவசரத்தில் கை மாறுவது இந்த இடத்தில்தான், ஆகவே காலியான கையுறை விரலொன்றில் முதலே பழகுங்கள்.

கரண்ட் வந்த உடனே எலியைத் திரும்பப் பொருத்த வேண்டாம். இயந்திரம் எந்த அளவில் தொடங்குகிறது என்று அந்தக் கையுறை விரலை மாட்டிப் பாருங்கள். விரல் அளவோடு எழும்பி விழ, போத்தலில் குமிழி ஒழுங்காக வந்தால் எலியை மாட்டுங்கள்.