பலகையை நம்ப வைப்பது

நெடுஞ்சாலைப் பணியிடங்களில் போக்குவரத்துக் கட்டுப்பாட்டைக் கவனிக்கும் பொறியாளராக நான் சேர்ந்த புதிதில், வரைபடத்தில் குறித்த இடங்களில் பலகைகளும் கூம்புகளும் நிற்கின்றனவா என்று எண்ணிப் பார்த்துப் பதிவேட்டில் கையெழுத்திடுவதோடு என் கடமை முடிந்துவிடுவதாகவே கருதியிருந்தேன். ஓர் இரவுப் பணியில் நேர்ந்த நிகழ்ச்சி அந்த எண்ணத்தை மாற்றியது.

அன்று ஒரு தடத்தை அடைத்து, பழைய தார் மேற்பரப்பைச் சுரண்டி எடுத்துக்கொண்டிருந்தோம். முன்னெச்சரிக்கைப் பலகைகள், தடத்தைச் சாய்வாகக் குறுக்கும் கூம்பு வரிசை, அதையடுத்துப் பாதுகாப்பு இடைவெளி, பிறகு வேலை நடக்கும் பகுதி என எல்லாம் முறைப்படியே இருந்தன. ஆயினும் ஒரு லாரி வேகம் குறையாமல் வந்து கூம்புகளைச் சிதறடித்து, இடைவெளியில் பாதியைக் கடந்த பிறகே நின்றது. வழக்கமாக அந்த இடத்தில்தான் தண்ணீர் வண்டியை நிறுத்திவைப்போம். அன்று அது நீர் நிரப்பப் போயிருந்ததால் எவருக்கும் காயமில்லை. ஓட்டுநர் நடுங்கியபடி, "நாலு நாளா இந்தப் பலகை இங்கதான் சார் நிக்குது, ஒருநாளும் வேலை நடக்கலையே" என்றார். இயந்திரம் பழுதாகி வேலை நின்றிருந்த நாட்களில் பலகைகளை மூடாமல் விட்டவர்கள் நாங்கள்தான். அவருக்குப் பதில் சொல்ல என்னிடம் எதுவும் இருக்கவில்லை.

அதன்பின் ஒவ்வோர் ஏற்பாட்டையும் ஓட்டுநரின் இருக்கையிலிருந்து பார்க்கத் தொடங்கினேன். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் வருபவர், ஆபத்தை உணர்ந்து பிரேக்கில் கால் வைப்பதற்கு 2.5 விநாடி எடுத்துக்கொண்டால், அதற்குள்ளாகவே சுமார் 55 மீட்டர் கடந்துவிடுகிறார். அதே வேகத்தில் 3.5 மீட்டர் அகலத் தடத்தை அடைப்பதற்கு, அகலத்தை வேகத்தால் பெருக்கி 1.6 ஆல் வகுக்கும் வழக்கமான கணக்கின்படி, கூம்பு வரிசை 175 மீட்டர் நீள வேண்டும். கூம்புகள் போதவில்லை என்று அதை ஐம்பது மீட்டரில் முடிப்பதைப் பல இடங்களில் கண்டிருக்கிறேன்; அங்கு ஓட்டுநருக்குத் தடம் மாற நேரமே இருப்பதில்லை. பலகை காற்றில் சாயாதிருக்கக் கருங்கல்லை வைப்பதும் அப்படிப்பட்ட தவறே. வண்டி மோதினால் கல் தெறித்துப் பாயும். மணல் மூட்டையே போதும்.

கொடி காட்டுபவரின் பணியைப் பற்றி எனக்கு அழுத்தமான கருத்து உண்டு. வேறு வேலைக்கு ஆகாதவர் என்று கருதப்படுபவரைக் கொடியோடு நிறுத்தும் பழக்கத்தை நான் முற்றிலும் எதிர்க்கிறேன். ஒரே தடத்தில் இருபுறப் போக்குவரத்தையும் மாறி மாறி விடும்போது, கடைசியாக அனுப்பிய வண்டியின் எண்ணை வாக்கி டாக்கியில் மறுமுனைக்குச் சொல்லி, அது வந்து சேர்ந்ததை உறுதி செய்யும் வரை எதிர்ப்புறத்தை நிறுத்திவைக்கும் நிதானம் அவருக்கு வேண்டும். வண்டிகளுக்கு முதுகைக் காட்டாமல், விலகி ஓட வழியுள்ள ஓரத்தில் அவர் நிற்க வேண்டும். களைப்படையும் முன் வேறொருவர் வந்து அவரை மாற்றிவிட வேண்டும்.

வேலை முடிந்ததும் கூம்புகளை வைத்த வரிசைக்கு நேரெதிராக, கடைசியிலிருந்து எடுத்துக்கொண்டு வருவோம். முதல் எச்சரிக்கைப் பலகை எல்லாவற்றுக்கும் கடைசியாகத்தான் அகலும், ஏனெனில் அதுவரை சாலையில் ஆட்கள் இருக்கிறார்கள். அதை எடுத்தோ மூடியோ முடித்த பிறகு, வண்டியில் ஏறி அந்த நீளம் முழுவதையும் ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டே பதிவேட்டில் கையெழுத்திடுகிறேன்.