கேம் ப்ரோக்ராமிங் படிக்கிறவங்களுக்கு: இவாட்டா வழில போய் பார்த்த அனுபவம்

கேம் ப்ரோக்ராமிங் எங்க படிக்கலாம்னு யாராவது கேட்டா நான் எந்த கோர்ஸ் பேரும் சொல்றதில்ல. ஏன்னா ஒரு வருஷம் கோர்ஸா வாங்கி குவிச்சு, வீடியோல வர்றவர் டைப் பண்றத அப்படியே டைப் பண்ணி, கடைசில ஒரு பந்தை கூட சொந்தமா குதிக்க வைக்கத் தெரியாம முழிச்ச ஆள் நான். அந்த வெறுப்புல இருந்தப்போ தான் சடோரு இவாட்டா பத்தி படிக்க ஆரம்பிச்சேன். நின்டெண்டோங்கற ஜப்பான் வீடியோ கேம் கம்பெனியோட முன்னாள் பிரசிடெண்ட்னு தான் நிறைய பேருக்கு அவர தெரியும், ஆனா மனுஷன் முதல்ல ப்ரோக்ராமர், அப்புறம் ப்ரொட்யூசர், அதுக்கப்புறம் தான் அந்த நாற்காலி எல்லாம்.

1959ல சப்போரோல பிறந்தவர். ஹைஸ்கூல் படிக்கும்போதே எச்பி கால்குலேட்டர்ல, ஆமா கால்குலேட்டர்ல தான், கேம் எழுதி பக்கத்து சீட்டு பையன்கிட்ட காட்டுவாராம், அவன் விழுந்து விழுந்து சிரிப்பானாம். முதல் ரசிகன் அவன் தான். அப்புறம் டோக்கியோல காலேஜ், கையில ஒரு கமடோர் பெட் கம்ப்யூட்டர், லீவு நாள்ல இகெபுகுரோ சீபு டிபார்ட்மெண்ட் ஸ்டோர்ல கம்ப்யூட்டர் வச்சிருக்கற இடமே கதின்னு கெடந்திருக்கார். அங்க பழக்கமானவங்க 1980ல ஆரம்பிச்சது தான் ஹால் லேபரட்டரிங்கற கேம் கம்பெனி, அதுல பார்ட் டைம், 1982ல படிப்பு முடிஞ்சதும் ஃபுல் டைம். அப்பா முரோரான் ஊர் மேயர், பையன் இப்படி ஒரு சின்ன கம்பெனில போய் சேர்ந்துட்டானேன்னு ஆறு மாசம் பேசவே இல்ல. (இத நம்ம வீட்ல பல பேர் நேர்லயே பார்த்திருப்போம்.)

இதுல நான் புடிச்சுக்கிட்டது என்னன்னா, அந்த கமடோர் பெட்ல இருந்தது 6502ன்னு ஒரு ப்ராசஸர் சிப், 1983ல வந்த நின்டெண்டோவோட வீட்டு கேம் மெஷின் ஃபாமிகாம்லயும் அதே வம்சத்து சிப் தான். வருஷக்கணக்கா ஒரே சிப்பை நோண்டிட்டு இருந்ததால ஃபாமிகாம் வந்தப்போ அவருக்கு பாதி வேலை ஏற்கனவே முடிஞ்ச மாதிரி. நானோ மூணு மாசத்துக்கு ஒரு கேம் எஞ்சின் (கேம் செய்யற சாஃப்ட்வேர்) மாத்திட்டு இருந்தேன்.

அடுத்தது பலூன் ஃபைட்ங்கற கேம், அதோட ஃபாமிகாம் வெர்ஷனுக்கு ப்ரோக்ராம் எழுதினது இவாட்டா. அந்த கேமோட ஆர்கேட் (கடைல காசு போட்டு ஆடற மெஷின்) வெர்ஷன் பண்ணினவங்க, உங்க ஃபாமிகாம் வெர்ஷன்ல மட்டும் அசைவு எப்படி இவ்வளவு வழுக்கிட்டு போகுதுன்னு கேட்டிருக்காங்க. விஷயம் சிம்பிள், அவங்க பொம்மையோட இடத்த முழு எண்ணா வச்சிருந்தாங்க, இவர் புள்ளிக்கு அப்புறம் வர்றதையும் சேர்த்து கணக்கு போட்டிருந்தார். அந்த ட்ரிக் தான் பிறகு சூப்பர் மாரியோல மாரியோ நீச்சல் அடிக்கிறதுக்கும் போச்சு.

இத படிச்ச அன்னிக்கே உக்காந்து செஞ்சு பார்த்தேன். முழு எண் மட்டும்னா மெதுவான வேகமே ஃப்ரேமுக்கு (ஸ்க்ரீன்ல ஒரு தடவ வரையற படத்துக்கு) ஒரு பிக்சல், செகண்டுக்கு 60 ஃப்ரேம்னா 60 பிக்சல், அதுக்கு கீழ போகவே முடியாது. அடுத்த வேகம் நேரா 120. பலூன் மிதக்கல, படி ஏறி எறங்குச்சு. அப்புறம் இடத்த 256ஆல பெருக்கி, அதாவது ஒரு பிக்சல 256 துண்டா வச்சுக்கிட்டு, ஸ்க்ரீன்ல வரையும்போது மட்டும் 256ஆல வகுத்தேன். வேகத்துல ஒவ்வொரு ஃப்ரேமும் 6, 7ன்னு சின்னதா கூட்டினா போதும், பலூன் அப்படியே மெத்துனு எறங்குது. ஒரு வருஷ கோர்ஸ்ல வராத சந்தோஷம் அன்னிக்கு ராத்திரி வந்துச்சு, பொய் சொல்லல.

இவாட்டாகிட்ட கத்துக்கிட்ட இன்னொன்னு, அடுத்தவங்க எழுதின ப்ரோக்ராம் கோடு படிக்கிறது. இத யாரும் சிலபஸ்ல வைக்க மாட்டேங்கறாங்க. மதர் 2ங்கற கேம் முடியாம வருஷக்கணக்கா இழுத்துட்டு கெடந்தப்போ இவாட்டா வந்து பார்த்துட்டு, இருக்கறத சரி பண்ணா ரெண்டு வருஷம், முதல்ல இருந்து எழுதினா அரை வருஷம்னு சொன்னார். படிச்சு பார்க்காம அந்த கணக்கு வாய்ல வராது. கேம் 1994ல வெளிய வந்துச்சு, இடைல 1993ல 150 கோடி யென் கடன்ல இருந்த ஹாலுக்கு அவரையே பிரசிடெண்ட் ஆக்கிட்டாங்க, அது தனி கதை. போகிமான் சண்டை கோட எந்த டாகுமெண்டும் இல்லாம படிச்சே ஒரு வாரத்துல நின்டெண்டோ 64ங்கற கேம் மெஷினுக்கு மாத்தினதும் இவர் தான். அடுத்து வந்த போகிமான் கோல்ட், சில்வர் கேம்ல முதல் கேமோட கான்டோ பகுதி முழுசா நுழைஞ்சதே இவரால தான்னு சுத்துற கதைய மட்டும் கொஞ்சம் சந்தேகத்தோட எடுத்துக்கோங்க, டேட்டா சுருக்குற டூல் குடுத்தார், அது உண்மை.

நான் இப்ப செய்யறது இவ்வளவு தான்: ஒரே லாங்குவேஜ், வாரத்துக்கு ஒரு சின்ன விஷயம், ஞாயித்துக்கிழமை ஓப்பன் சோர்ஸ் கேம் ஒன்னோட ஒரே ஒரு ஃபைல பிரிண்ட் எடுத்து பேனாவோட படிக்கிறது. முதல் ரெண்டு வாரம் தலையும் புரியாது வாலும் புரியாது, விட்றாதீங்க. முடிஞ்சத யாராவது ஒருத்தர்கிட்ட விளையாட குடுங்க, கோடிங் தெரியாதவங்களா இருந்தா இன்னும் நல்லது. எனக்கு தங்கச்சி. போன வாரம் பலூன தண்ணிக்குள்ள எறக்கிட்டு, "அண்ணா, இது ஏன் கீழ தரைய தொட்டதும் நடுங்குது"ன்னு கேட்டா. அதத் தான் ரெண்டு நாளா நோண்டிட்டு இருக்கேன்.