மிட்டாய் மாதிரி ஒரு கனெக்டர்

"இன்டர்காம் வயரை முறுக்கி டேப் சுத்தினா போதாதா அண்ணே?"

"குளச்சல் காத்துக்கு அது எத்தனை நாளு நிக்கும் மக்கா?"

வடசேரி எலக்ட்ரிக்கல் கடைக்காரர் டிராயர் அடியில் துழாவி எடுத்தார். பழைய டெலிபோன் லைன்மேன்கள் பையில் கிடந்த அதே யூஒய் கனெக்டர்; இரண்டு மெல்லிய வயரை ஒன்றாக இணைக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டு.

வயரின் தோலைச் சீவவே வேண்டாம். இரண்டு முனையையும் அடிவரை நுழைத்து, மூடியை பிளையரால் நேராக அழுத்தினால் போதும். உள்ளிருக்கும் தகடு தோலைக் கீறிச் செம்பைக் கவ்விக்கொள்ளும். கூடவே ஜெல் பிதுங்கி வந்து ஈரத்தைத் தடுக்கும்.

0.4 முதல் 0.9 மில்லிமீட்டர் செம்புக் கம்பிக்குத்தான் இது. வீட்டுக் கரண்டு லைனில் போட்டுவிடாதீர்கள்!

லேண்ட்லைன் குறைந்ததும் கடைகளும் இதை மறந்துவிட்டன போல. உப்புக்காற்று மட்டும் அப்படியேதான் அடிக்கிறது. கேட் இன்டர்காமுக்கும் சிசிடிவி அலாரத்துக்கும் இப்போதும் இதே மெல்லிய வயர்தானே?

அப்புறம், ஒருமுறை அழுத்தினால் மறுபடி பிரித்துப் போட முடியாது. நாலைந்து கூடுதலாகவே வாங்குங்கள்.