கடைசிக் கால் துண்டு

தூக்கம் வரவில்லை என்று போனபோது அல்பிரசோலம் என்ற மாத்திரையை, 0.5 மில்லிகிராம், இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்தார்கள். நான் அதை இரண்டு வருடம் போட்டேன். மருந்துக்கடையில் பழைய சீட்டையே நீட்டுவேன், கொடுத்துவிடுவார்கள். இரவுக்கு ஒன்று என்றிருந்தது மூன்றானது. அதைப் போதை என்று நினைத்ததே இல்லை. டாக்டர் கொடுத்த மருந்துதானே.

அப்புறம் ஒரு நாள் ரோஷம் வந்து, மிச்சமிருந்த அட்டையைக் குப்பையில் போட்டேன். அன்றிரவு பொட்டுத் தூக்கம் இல்லை. மறுநாள் தண்ணீர் குடிக்கப் போனால் டம்ளர் பல்லில் இடிக்கிறது, கை அப்படி ஆடியது. அடுத்த அறையில் ஒரு கரண்டி விழுந்ததற்கு உடம்பே தூக்கிப்போட்டது. வியர்வை, படபடப்பு. பழைய வியாதிதான் திரும்பிவிட்டது, மாத்திரை இல்லாமல் நமக்கு ஆகாது என்று முடிவே கட்டிவிட்டேன். மூன்றாம் நாள் மனைவி மனநல மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனாள்.

எத்தனை மாத்திரை, கடைசியாக எப்போது, கூடவே குடிப்பீர்களா, வலிப்பு வந்ததுண்டா என்று அடுக்கிக்கொண்டே போனார். வலிப்பை ஏன் கேட்டார் என்பது அப்புறம்தான் புரிந்தது. மூளையை அடக்கிவைக்கும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை இந்த மாத்திரை கூட்டிக்கொடுக்கிறது. நாள்பட்டால் மூளை அதையே நம்பி, தன் பிரேக்கைத் தளர்த்திவிடுகிறது. மாத்திரையைத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். தினமும் நிறையக் குடிப்பவர் ஒரேயடியாக விட்டாலும் இதே ஆபத்துதானாம். ஹெராயின் மாதிரியானவற்றில் கதை வேறு: விடும்போது படும் அவஸ்தையைவிட, சில வாரம் விட்டுவிட்டுப் பழைய அளவையே மறுபடி எடுப்பதுதான் ஆளைக் கொல்கிறது. உடம்பு அதற்குள் பழக்கத்தை இழந்திருக்கும், மூச்சு நின்றுவிடும்.

"நிறுத்தணும்னு நினைச்சது சரி. நிறுத்தின விதம்தான் தப்பு," என்றார்.

டயஸெபாம் என்ற, இதே வகை மாத்திரைக்கு மாற்றினார். அது உடம்பில் வெகுநேரம் தங்குவதால் இறக்கம் மெதுவாக இருக்கும். இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு ஒருமுறை, பத்தில் ஒரு பங்கு குறைப்பு. ஒவ்வொரு குறைப்புக்கும் நாலைந்து நாள் எரிச்சல், அரைகுறைத் தூக்கம். ஒருமுறை தாங்க முடியாமல் போய் நின்றேன். திட்டுவார் என்று நினைத்தேன். "சரி, இந்த மாசம் குறைக்க வேண்டாம்" என்று அனுப்பிவிட்டார். எனக்கு அதுவரை யாரும் செய்த வைத்தியத்தில் அதுதான் பெரியது.

கடைசியில் 2 மில்லிகிராம் மாத்திரைக்கு வந்து சேர்ந்தேன். வெள்ளைத்தாளில் வைத்து பிளேடால் வெட்டுவேன். கால் துண்டு சமமாக வராது, பாதி தூளாகும், தூளை விரலில் ஒற்றி நாக்கில் வைப்பேன். மொத்தம் 14 மாதம். அதில் இந்தக் கால் துண்டை விட மட்டும் ஆறு வாரம். அதில் பெரிதாக மருந்து இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் அதை விழுங்காமல் விளக்கை அணைக்கப் பயமாக இருந்தது.