ஒரு பேக்ஸ்லாஷ்

"அண்ணா, அந்த டாலர் அட் இப்பவே விரிஞ்சிடாதா?"

சிங்கப்பூரில், சாங்கி பிசினஸ் பார்க்கில், தே ஓ (பாலில்லாத டீ) வாங்க வரிசையில் நின்றபோது அவள் கேட்டது. பாலிடெக்னிக்கிலிருந்து இன்டர்னாக வந்த பெண். டாலர் அட் ($@) என்பது கட்டளையோடு நாம் கொடுக்கும் பெயர்களுக்கான இடம். விரிவது என்றால் அந்த இடத்தில் பெயர்கள் வந்து நிரம்புவது. "ஓடுதுல்ல, விடும்மா" என்றேன்.

எங்கள் ஸ்கிரிப்டுக்கு 34 துணைக் கட்டளைகள். ஒவ்வொன்றுக்கும் கையால் ஷெல் ஃபங்ஷன் (பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஓடும் சிறு நிரல்) எழுதாமல், பெயர்களை ஒரு லூப்பில் ஓட்டி, எழுத்தாகக் கொடுத்த வரியைக் கட்டளையாகவே ஓட்டும் ஈவால் வைத்து நான்கே வரியில் உருவாக்கினேன். அது தப்பான யோசனை என்று இன்றும் நினைக்கவில்லை. கையால் எழுதியிருந்தால் எத்தனை இடத்தில் பிசகியிருக்குமோ.

ஆனால் ஈவாலுக்குக் கொடுத்த வரி இரட்டை மேற்கோளுக்குள் இருந்தது. டாலருக்கு முன்னால், இப்போது விரியாதே என்று சொல்லும் பேக்ஸ்லாஷ் இல்லை. ஃபங்ஷனைக் கூப்பிடும்போது விரிய வேண்டிய டாலர் அட், உருவாக்கும்போதே விரிந்து, அப்போது எந்தப் பெயரும் இல்லாததால் வெறுமையாகிவிட்டது. நான் சோதித்தது பட்டியல் காட்டும் கட்டளையை மட்டும். பெயர் கொடுக்காவிட்டால் அது எல்லாவற்றையும் காட்டும், அதனால் சரியாக ஓடுவதுபோலத்தான் இருந்தது. அழிக்கும் கட்டளையும் அதே வழக்கம்தான்: பெயர் வராவிட்டால் எல்லாவற்றையும் அழிக்கும். டெஸ்டிங்கில் ஒருவர் ஒரேயொரு ஃபோல்டரை அழிக்கப் போக, அத்தனையும் போயிற்று. முந்தைய இரவின் பேக்கப் இருந்தது. அன்று காலை அவர்கள் செய்த வேலை திரும்பவில்லை.

ஃபங்ஷனுக்குள் என்ன இருக்கிறது என்று காட்டும் டிக்ளேர் மைனஸ் எஃப் கட்டளையைப் போட்டுப் பார்த்தேன். ஸ்கிரிப்டின் பாதை, கட்டளையின் பெயர், அடுத்த வரியில் மூடும் அடைப்பு. பெயருக்குப் பின்னால் ஒன்றுமே இல்லை. அவள் கேட்ட அன்றே இதைப் பார்த்திருந்தால் பத்து விநாடி ஆகியிருக்கும்.

மீட்டிங்கில் "பேக்ஸ்லாஷ் விட்டுப்போச்சு, என் தப்பு" என்றேன். அது உண்மைதான். அவள் முன்பே கேட்டதைச் சொல்லவில்லை. எதிரில் உட்கார்ந்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள், அவளும் சொல்லவில்லை. இன்டர்னை ஏன் இதில் இழுக்க வேண்டும் என்றுதான் பேசாமல் இருந்தேன். அப்படித்தான் எனக்கே சொல்லிக்கொள்கிறேன். சொல்லியிருந்தால் அவளுக்கு நல்ல பெயர்தானே கிடைத்திருக்கும்?

அப்புறம் ஈவாலே வேண்டாம் என்று முடிவானது. பல கட்டளைகளை ஒரே நிரலுக்குள் வைத்திருக்கும் பிஸிபாக்ஸ் செய்வதுபோல, ஒரே ஸ்கிரிப்டுக்கு 34 பெயரில் சிம்லிங்க், அதாவது அந்த ஒரே ஃபைலைச் சுட்டும் மாற்றுப் பெயர்கள். எந்தப் பெயரில் கூப்பிட்டார்கள் என்று ஸ்கிரிப்டே பார்த்துக்கொள்ளும். யோசனை அவளுடையது. வாயால் சொல்லவில்லை. கோடைப் பார்த்துக் கருத்து எழுதும் ரிவியூவில் எழுதியிருந்தாள், டீம் முழுவதையும் அதில் சேர்த்து.

இப்போதும் தே ஓ வரிசையில் ஒன்றாகத்தான் நிற்கிறோம். சந்தேகம் எதுவானாலும் எழுத்தில்தான் வருகிறது.