வாட்சனின் கடிகாரம் செல்போன் ஆனபோது

பழைய துப்பறியும் கதையை இந்தக் காலத்துக்குக் கொண்டுவரும் தொடர் எதுவாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது தடயத்தைத்தான். உடுப்பும் வீடும் வண்டியும் எப்படியும் மாறும், அதில் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. பழைய தடயம் கதையில் பார்த்த வேலையை அதன் இடத்துக்கு வந்த புதுப் பொருள் பார்க்கிறதா என்பதுதான் விஷயம்.

2010-ல் பிபிசி தொடங்கிய 'ஷெர்லாக்' தொடரின் முதல் பகுதி இதற்கு நல்ல பாடம். 1890-ல் வந்த 'தி சைன் ஆஃப் தி ஃபோர்' நாவலில் வாட்சன் ஒரு பாக்கெட் கடிகாரத்தை ஹோம்ஸிடம் நீட்டுவார். மூடியின் உட்புறம் ஊசிமுனையால் கீறிய அடகுக்கடை எண்கள் நான்கு இருக்கும். சாவி கொடுக்கும் துளையைச் சுற்றி எக்கச்சக்கமான கீறல்கள். குடித்துவிட்டு, நடுங்கும் கையால் ராத்திரியில் சாவி கொடுத்தவனுடையது என்று ஹோம்ஸ் சொல்லிவிடுவார். தொடரில் கடிகாரம் செல்போனாகிறது, கீறல்கள் சார்ஜர் செருகும் துளைக்கு வந்துவிடுகின்றன. நடுங்கும் கை அதே கைதான். போன் வாட்சனின் அண்ணனுடையது என்கிறார் ஷெர்லாக். பின்புறம் பொறித்திருக்கும் 'ஹாரி' உண்மையில் ஹாரியட், வாட்சனின் சகோதரி. எல்லாம் சரியாகி ஒன்று மட்டும் சறுக்குகிற இந்த இடம் மூலத்தில் இல்லாதது. ஆனால் மூலத்தை நன்றாகப் படித்தவர்களால்தான் இப்படி எழுத முடியும்.

அதே பகுதியில் இன்னொன்றும் உண்டு. 1887-ல் வந்த முதல் நாவலில் பிணத்தருகே 'ராஹெ' (RACHE) என்று எழுதியிருக்கும். ரேச்சல் (RACHEL) என்று எழுத வந்து பாதியில் நின்றுவிட்டது என்பார் போலீஸ்காரர். இல்லை, பழிவாங்கலுக்கான ஜெர்மன் சொல் என்று மறுப்பார் ஹோம்ஸ். தொடரில் இதை அப்படியே திருப்பிப் போட்டார்கள். புத்தகம் படித்தவர் ஏமாறுகிறார், படிக்காதவருக்கும் கதை தடங்கலில்லாமல் ஓடுகிறது.

இருந்தாலும் அந்த செல்போனில் ஒரு குறை உண்டு. அடகு எண்கள் காணாமல் போய்விட்டன. நான்கு முறை அடகுக்குப் போய், நான்கு முறையும் மீண்டு வந்த கடிகாரம் அது. கையில் காசு வருவதும் போவதுமாக இருந்த ஒருவனின் வாழ்க்கையே அதில் இருந்தது. செல்போன் குடியைச் சொல்கிறது, காசைச் சொல்லவில்லை. இதை மும்பை மாட்டுங்காவின் தமிழ்க் குடும்பம் ஒன்றில் வைத்து எழுதுவதானால் நான் தங்கச் சங்கிலியைத்தான் எடுப்பேன். அடகு பிடிக்கிறவர் உரைகல்லில் உரசிப் பார்க்கிற இடம் பெரும்பாலும் கொக்கிப் பக்கம். பலமுறை போய்வந்த சங்கிலியில் அந்த ஓரம் மட்டும் மழுங்கியிருக்கும். போதாததற்கு, 2023 ஏப்ரல் 1 முதல் கடையில் விற்கும் ஹால்மார்க் நகைக்கு ஆறு எழுத்தும் எண்ணுமான தனி அடையாளக் குறி கட்டாயம். "பாட்டி போட்டிருந்த சங்கிலி" என்று ஒருவர் சொல்ல, கொக்கியருகே அந்தக் குறி தெரிந்தால் பொய் அங்கேயே உடைகிறது.

அடுத்த சிக்கல் கேமரா. புத்தகத்தில் மேஜைமேல் இருந்த பத்துப் பொருட்களைப் பட்டியலிட்டு, ஏழாவதாகத் தடயத்தை வைத்துவிடலாம். வாசகர் தாண்டிப் போய்விடுவார். திரையில் அதே பொருளை அண்மைக் காட்சியில் காட்டினால் 'இதுதான்' என்று மணியடித்த மாதிரி. நல்ல இயக்குநர்கள் தடயத்தை இருமுறை காட்டுவார்கள். முதலில் அகலக் காட்சியில், வேறு காரணத்துக்காகக் கண் அந்தப் பக்கம் போகும்போது. பிறகு, யாராவது அதைக் கையில் எடுத்து வேறு வேலைக்குப் பயன்படுத்தும்போது. எடிட்டிங்கில் நேரம் மிச்சம் பிடிக்க முதலாவதை வெட்டினால் கடைசி விளக்கம் வானத்திலிருந்து குதித்ததுபோல் இருக்கும். வெட்டாமல் அண்மைக் காட்சியாக்கினால் இரண்டாம் பகுதியிலேயே வீட்டில் எல்லோரும் கொலையாளியைச் சொல்லிவிடுவார்கள். எழுத்துமூலம் வரும் விளக்கமும் இப்படித்தான் இடறும். அகதா கிறிஸ்டியின் 1939 நாவலான 'அண்ட் தென் தேர் வேர் நன்'-ல் தீவில் நடந்ததெல்லாம் கடலில் கிடைத்த பாட்டிலுக்குள் இருக்கும் ஒப்புதல் கடிதத்தால் தெரியவரும். 2015 பிபிசி தொடர் நாவலின் இருண்ட முடிவை மாற்றாமல் வைத்துக்கொண்டு, கடிதத்தை மட்டும் நேருக்கு நேர் பேச்சாக்கியது. சரியான முடிவு. கடிதம் படிக்கிற குரலை ஐந்து நிமிடம் யார் கேட்பார்கள்?

கதையின் அச்சாணி எது என்று தெரியாமல் ஊரை மாற்றினால் வண்டி குடைசாயும். 'சார்லி சோப்ரா' (2023, சோனி லிவ்) தொடருக்கு மூலம் கிறிஸ்டியின் 1931 நாவலான 'தி சிட்டஃபோர்ட் மிஸ்டரி'. அதில் அச்சாணி பனி. சாலை அடைபட்டிருக்கிறது, கொலை நடந்த ஊருக்கும் மற்றவர்கள் இருந்த வீட்டுக்கும் ஆறு மைல். பனி இல்லாவிட்டால் அந்தக் கதையே கிடையாது. அதனால்தான் விஷால் பரத்வாஜ் அதை இமாசலத்தின் சோலாங் பள்ளத்தாக்குக்குக் கொண்டுபோனார்.

மும்பைக்குப் பனி என்றால் ஜூலை மழைதான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்தது. ரயில் நின்றது, போனும் பல இடங்களில் வேலை செய்யவில்லை. அவ்வளவு கூட வேண்டாம், சாதாரண மழைக்கே சயான், குர்லா பக்கம் தண்டவாளம் முழுகி மத்திய ரயில்வே நிற்கும், மேற்கு ரயில்வே ஓடிக்கொண்டிருக்கும். மாட்டுங்காவில் மத்தியப் பாதைக்கு மாட்டுங்கா, மேற்குக்கு மாட்டுங்கா ரோடு, துறைமுகப் பாதைக்குக் கிங்ஸ் சர்க்கிள் என்று நடந்து போகும் தூரத்தில் மூன்று நிலையங்கள். "டிரெயின் இல்லை, மூணு மணி நேரம் மாட்டுங்காவிலேயே மாட்டிக்கிட்டேன்" என்று ஒருவர் சொன்னால் போலீஸ் மத்திய ரயில்வேயைத்தான் விசாரிக்கும், அங்கே அது உண்மைதான். அவர் பாலம் கடந்து மேற்குப் பாதையில் அந்தேரி போய்த் திரும்பியிருக்கலாம். கால அட்டவணையை நம்பும் பழைய ஆங்கிலக் கதைகளின் உத்தி இங்கே இன்னும் சாகவில்லை.

செல்போன் கோபுரம் எல்லாவற்றையும் காட்டிக்கொடுத்துவிடுமே என்பார்கள். கோபுரம் காட்டுவது வட்டாரத்தை. ஒரே அடுக்குமாடிச் சொசைட்டியில் மூன்றாம் மாடியா ஏழாம் மாடியா என்பது அதில் தெரியாது. ஆகவே கொலையையும் சந்தேகத்துக்குரியவர்களையும் ஒரே கட்டடத்துக்குள் வைத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மீதிக்கு, வாசலில் வாட்ச்மேன் நோட்டு இருக்கிறது. தனியார் துப்பறிவாளர் அழைப்புப் பதிவுகளைச் சட்டப்படி வாங்க முடியாது என்பதையும் மறக்க வேண்டாம். 2018-ல் தாணே போலீஸ் இதற்காகவே சிலரைக் கைது செய்தது.

எனக்கு மிக எரிச்சலூட்டுவது நம்மூர்த் தொடர்களின் கடைசிக் காட்சி. எல்லோரையும் கூடத்தில் உட்கார வைத்து விளக்கம், கொலையாளி "ஆமா, நான்தான்!" என்று கத்த, இன்ஸ்பெக்டர் விலங்கு மாட்டுகிறார். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலிருக்கும் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 23-ஆம் பிரிவின்படி போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் சாட்சியமாகாது. பழைய சட்டத்தில் 25, 26 பிரிவுகளும் அதையே சொல்லின. போலீஸ் காவலில் இருக்கும்போது சொன்னதென்றால் மாஜிஸ்ட்ரேட் நேரில் இருந்திருக்க வேண்டும். காவலில் இருப்பவர் சொன்ன தகவலால் ஒரு பொருள் கிடைத்தால், அதைப் பற்றிய பகுதி மட்டும் செல்லும். அப்படியானால் காட்சியை இப்படி அடுக்கலாம்: போலீஸ் வருவதற்குமுன் துப்பறிவாளரிடம் வாய் விடுவது, அது பலவீனமான சாட்சியம்தான் என்பதை அவரே சொல்வது, கைதுக்குப் பிறகு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து கத்தியை எடுப்பது, அதை நேரில் பார்க்கும் இரண்டு பஞ்ச் சாட்சிகள், வீடியோ பதிவு. தொட்டி மூடியைத் திறக்கிற அந்த நொடியில் இருக்கிற பரபரப்பு எந்தக் கூடத்து வசனத்திலும் கிடையாது.

கதை பற்றாதபோது துப்பறிவாளருக்குச் சோகமான கடந்தகாலம் ஒட்டவைப்பது தனி வியாதி. 2018 'ஏபிசி மர்டர்ஸ்' தொடரில் கிறிஸ்டியின் துப்பறிவாளர் பொய்ரோவுக்கே அது வந்தது. அதற்குமேல் அதைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

மும்பையின் அந்தேரி, வெர்சோவாவில் தொடர்களுக்குக் கதை எழுதும் அறைகளில் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு உரிமை விவகாரம். இந்தியாவில் எழுத்தாளர் இறந்த ஆண்டு முடிந்து 60 ஆண்டுகள் பதிப்புரிமை. ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில் (மறைவு 1930) எப்போதோ பொதுச் சொத்து. கிறிஸ்டி 1976-ல் மறைந்தார், 2036 முடியும்வரை அனுமதி வேண்டும். வங்கத் துப்பறிவாளர் வ்யோம்கேஷ் பக்ஷியைப் படைத்த சரதிந்து (1970) 2030 வரை. சுஜாதா (2008) 2068 வரை, ஆகவே கணேஷ்-வசந்தைத் தொடவேண்டாம். தேவன் 1957-ல் காலமானார், துப்பறியும் சாம்பு 2018 முதல் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். கோபுலு வரைந்த சாம்புவின் முகத்தை மட்டும் போஸ்டரில் போட்டுவிடாதீர்கள். அவர் மறைந்தது 2015-ல்.