ஐந்து கட்டையிலிருந்து ஐந்தரைக்கு

சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் வீவக அடுக்குமாடி வீட்டு வரவேற்பறையில் டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 என்ற இசைத்தட்டுச் சாதனம் இருப்பதைப் பார்க்கும் விருந்தினர்கள், வீட்டில் யார் டிஜே என்றுதான் முதலில் கேட்கிறார்கள். யாருமில்லை. 1972இல் வெளிவந்த முதல் எஸ்எல்-1200 வீட்டில் பாட்டுக் கேட்பவர்களுக்காகவே செய்யப்பட்டது. டிஜேக்கள் அதை எடுத்துக்கொண்ட பிறகு, 1979இல் வந்த எம்கே2 அவர்களுடைய தேவைகளையும் கருதி வடிவமைக்கப்பட்டது.

இதற்கு முன் என்னிடம் இருந்தது, மோட்டார் ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றும் சாதனம். நம் ஊர்ப் புழுக்கத்தில் ரப்பர் பெல்ட் தளர்ந்துபோனதை நான் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே நாகஸ்வரம் காட்டிக்கொடுத்துவிட்டது. வேகமான பாட்டில் தெரியாத தள்ளாட்டம், ஒரே ஸ்வரத்தை இழுத்து நிறுத்தும் நீண்ட கார்வையில் ஸ்வரம் மெல்ல அசையும்போது அப்பட்டமாகத் தெரியும்.

எம்கே2 பயன்படுத்தும் டைரக்ட் டிரைவ் முறையில், மோட்டாரே தட்டை நேரடியாகச் சுழற்றுவதால், பெல்ட்டே கிடையாது. எம்கே2இல் சுழலும் தட்டின் அடியிலேயே காந்தமும், அதன்கீழ் கம்பிச்சுருள்களும் இருப்பதால், தட்டே மோட்டாரின் ஒரு பகுதியாகிவிடுகிறது; சுழலும் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகத்தின் மாறாத துடிப்போடு ஒப்பிட்டுப் பார்த்து, மின்சுற்று அதைத் தொடர்ந்து திருத்திக்கொண்டே இருக்கிறது. டெக்னிக்ஸின் தாய் நிறுவனமான மட்சுஷிட்டாவின் பொறியாளர் ஷூயிச்சி ஒபாட்டா உருவாக்கிய இம்முறை, 1970இல் எஸ்பி-10 என்ற சாதனமாக முதலில் விற்பனைக்கு வந்தது. எம்கே2 நின்ற நிலையிலிருந்து 0.7 விநாடியில் முழு வேகத்தை எட்டுகிறது. அதன் வேக அலைவாகக் குறிப்பிடப்படும் 0.025 விழுக்காடு, அரைக் கட்டை வித்தியாசத்தில் இருநூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு.

பாடகரின் சுருதி உயரத்தைச் சொல்லும் அளவான கட்டையில் கணக்குச் சொல்லக் காரணம் உண்டு. வலப்பக்கம் உள்ள பிட்ச் ஸ்லைடர் வேகத்தை 8 விழுக்காடு கூட்டவோ குறைக்கவோ வல்லது. அரைக் கட்டை என்பது ஏறத்தாழ 6 விழுக்காடு. என் மகள் ஐந்தரைக் கட்டையில் பாடுபவள். இசைத்தட்டில் வித்வான் ஐந்து கட்டையில் பாடியிருந்தால், ஸ்லைடரைக் கூட்டல் ஆறுக்கு நகர்த்திவிட்டு அவளுடைய சுருதிப் பெட்டியைப் போட்டாலே போதும், இரண்டும் சேர்ந்துவிடும். தட்டின் விளிம்பிலுள்ள புள்ளி வரிசைகளில் ஒன்று சரியாக இந்தக் கூட்டல் ஆறுக்கானது என்பதால், சிவப்பு விளக்கொளியில் அந்தப் புள்ளிகள் அசையாமல் நிற்கும்வரை நகர்த்தினால் கணக்கும் தேவையில்லை. பாட்டின் வேகமான காலப்பிரமாணமும் கூடவே ஏறிவிடும் என்பதுதான் குறை. பாகவதர் பேருந்தைப் பிடிக்க ஓடுகிறாரா என்று மகள் கேட்கிறாள்.

ஜப்பானில் பயன்படுத்திய சாதனத்தை வாங்குவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது 100 வோல்ட்டுக்கானது, இங்கே 230 வோல்ட் என்பதால் தனி டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். என்னுடையதும் அப்படித்தான், அந்தக் கனத்த பெட்டி அலமாரிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

டைரக்ட் டிரைவ் மோட்டாரின் நுண்ணிய உதறல் ஒலியில் கலந்துவிடும் என்று பெல்ட் பிரியர்கள் வெகுகாலமாகக் குறை சொல்லி வந்தார்கள். 2010இல் நிறுத்தப்பட்ட 1200 வரிசை 2016இல் மீண்டும் வந்தபோது, அந்த உதறலுக்குக் காரணமான இரும்பு உள்ளகத்தையே மோட்டாரிலிருந்து நீக்கியிருந்தார்கள். என் காதுக்கு எம்கே2இலேயே குறை எதுவும் படவில்லை. 2019இல் வந்த எம்கே7 மீதுதான் எனக்குக் கண். அது நிமிடத்துக்கு 78 சுற்று வேகத்திலும் சுழலும். என்னுடையதில் 33⅓, 45 மட்டுமே. பாட்டி விட்டுச்சென்ற, 78 வேகத்தில் சுழல வேண்டிய நான்கு அரக்குத் தட்டுகள் இன்னும் துணி சுற்றியபடியே கிடக்கின்றன.